கதவைச் சாத்தச் சொல்லும் சீமாட்டி

பிப்ரவரி 4

அக்காவுக்கு,

போன் அடித்தால் நீ எடுப்பதில்லை. செய்தி அனுப்பினால் படித்துவிட்டாய் என்பதற்கு அடையாளம் விழுகிறது, பதில் விழுவதில்லை. அதனால் பேனாவை எடுத்துவிட்டேன். எழுத்து கோழி கிளறின மாதிரி இருந்தால் பொறுத்துக்கொள். கையெழுத்துப் போடுவதைத் தவிர வேறு எதற்கும் நான் பேனாவைத் தொட்டு வெகுகாலம் ஆகிறது.

இத்துடன் வரும் பெட்டியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு விளையாட்டுக் கருவி இருக்கிறது. அதற்குள் நம்முடைய கேமின் இரண்டாம் பாகம். 'நம்முடைய' என்பதை யோசித்துத்தான் எழுதினேன். முதல் பாகத்துப் பேய்களுக்கெல்லாம் உடை வரைந்து கொடுத்தவள் நீ. தலையில்லாத தளபதிக்குக் கழுத்துப்பட்டி வேண்டும் என்று நீதான் அடம்பிடித்தாய். "தலை இல்லேன்னா என்ன, மரியாதை இல்லையா?" என்று கேட்டாய். இன்றைக்கும் ஜனங்கள் அந்தக் கழுத்துப்பட்டியைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள்.

கதை பழைய கதைதான். விக்டோரியா மகாராணி காலத்து மாளிகை, வெளியே மூடுபனி. அங்கே வேலை செய்யும் நம் தட்டு மாமா செத்துப்போய்விட்டார், ஆனால் அவருக்கு யாரும் அதைச் சொல்லவில்லை. எப்போதும்போலத் தேநீர்த் தட்டை ஏந்திக்கொண்டு, உடைந்த படிக்கட்டுகளையும் ஆடும் சரவிளக்குகளையும் தாண்டித் தாண்டிப் போகிறார். தேநீர் சிந்தினால் பேய்கள் கோபிக்கும், ஆறினால் அதைவிடக் கோபிக்கும். இந்தத் தடவை அவர் போய்ச் சேர வேண்டிய இடம் வீட்டுக்காரச் சீமாட்டியின் அறை. கணவனுக்குத் துக்கம் காத்துக் காத்தே செத்துப்போனவள். கறுப்பு உடை, பெரிய நாற்காலி. அவளைத் தாண்டினால் கதவு, கதவைத் தாண்டினால் ஆட்டம் முடிந்தது.

நடக்க ஒரு பட்டன், தாவ ஒரு பட்டன். எதிரி வந்தால் தலைமேல் குதிக்க வேண்டும். தையல் மிஷினை மிதிக்கிறவளுக்கு இது ஒரு வேலையே இல்லை.

சீமாட்டியின் பாவாடை விழுகிற விதம் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துச் சொல். அவளைப் பற்றி வேறு எதுவும் நான் முன்கூட்டியே சொல்லப்போவதில்லை. ஏப்ரல் கடைசியில் கடைக்கு வருகிறது.

தம்பி


பிப்ரவரி 19

தம்பிக்கு,

பெட்டி வந்தது. நான் அதைத் தொடவில்லை. நாடகக் கொட்டகையில், உடை தைக்கும் அறையில், இஸ்திரி மேசைமேல் வைத்திருந்தேன். மேக்கப் அண்ணன் பார்த்துவிட்டார். அவரைத்தான் உனக்குத் தெரியுமே, ஐம்பது வயது தாண்டியும் பொம்மை கண்டால் விடமாட்டார். "தங்கச்சி, உன் தம்பி அனுப்பினதா? கொஞ்சம் குடு, பாத்துட்டுத் தர்றேன்" என்று எடுத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிட்டார். நாலைந்து நாள் மத்தியான இடைவேளையெல்லாம் அவருக்கு அதுதான். தளபதியைப் பார்த்துச் சிரித்தார், சரவிளக்கிலிருந்து விழுந்தால் திட்டினார். நானும் தைத்துக்கொண்டே கேட்டு உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷப்பட்டேன். இருக்கிறதைச் சொல்ல வேண்டுமல்லவா.

நேற்று அவர் சீமாட்டியின் அறைக்குள் போனார். எனக்கு முதுகுப்பக்கம் அந்தக் குரல் கேட்டது.

"கதவைச் சாத்துடா! ஊரையே உள்ள கூட்டிட்டு வராத!"

ஊசி விரலில் ஏறிவிட்டது.

"கை ரெண்டும் இருக்கா, இல்ல வாடகைக்கு விட்டுட்டியா? நீ என்ன அரண்மனையிலயா பொறந்த, பின்னாடியே வந்து கதவு சாத்த ஆள் வைக்க?"

குரல் யாரோ நடிகையுடையது. சொல் அம்மாவுடையது. ஒரு எழுத்துக்கூட மாறவில்லை. 'கூட்டிட்டு' என்பதை இழுக்கிற இழுப்பும் அம்மாவுடையதுதான்.

மேக்கப் அண்ணன் குதித்தார். ஒரு மிதி. சீமாட்டியின் கொண்டை அவிழ்ந்தது. அவர் சிரித்தார். இன்னொரு மிதி. பல் செட்டு தெறித்து உருண்டது. மூன்றாவது மிதியில் அவள் வெறும் பாவாடையாகத் தரையில் குவிந்தாள். "ஒழிஞ்சாடா கெழவி!" என்று கருவியைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டினார். அந்த மனுஷன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்கு என்ன தெரியும்? அம்மா படுத்திருந்தபோது இரண்டு தடவை ஆரஞ்சு வாங்கிக்கொண்டு வந்து பார்த்தவர் அவர். நீ எத்தனை தடவை வந்தாய் என்று நான் கேட்கப்போவதில்லை.

பாவாடையைப் பற்றிக் கேட்டிருந்தாய். அதைப் பற்றி இப்போது பேச எனக்கு மனசில்லை. கடைக்கு வருவதற்குள் அம்மாவை அதிலிருந்து எடுத்துவிடு. நான் உன்னிடம் கேட்பது அது ஒன்றுதான்.

அக்கா


பிப்ரவரி 27

அக்காவுக்கு,

நீ கோபப்படுவாய் என்று தெரியும். இப்படி என்று தெரியாது.

ஒன்று சொல்கிறேன், பொறுமையாகக் கேள். இந்த மாதிரி ஆட்டத்தில் மிதிப்பது என்பது நாம் வாசலில் செருப்பைக் கழற்றுவது மாதிரி. அதற்கு அர்த்தம் கிடையாது. தளபதியை மிதிக்கிறார்கள், பூனையை மிதிக்கிறார்கள், பேய் ஓட்ட வந்த பாதிரியாரையும் மிதிக்கிறார்கள். மிதித்தால்தான் கதவு திறக்கும். ஆடுகிற யாரும் அம்மாவை மிதிக்கவில்லை. அவர்களுக்கு அம்மாவைத் தெரியாது.

ஆனால் அம்மா பேசுவதைக் கேட்டு அவர்கள் சிரிக்கிறார்கள். இங்கே ஆபீஸில் யாராவது கதவைத் திறந்துபோட்டால் இப்போதெல்லாம் மொத்த அறையும் "ஊரையே உள்ள கூட்டிட்டு வராத!" என்று கத்துகிறது. முதலாளி விளம்பரப் படத்தில் தட்டு மாமாவை ஓரமாகத் தள்ளிவிட்டுச் சீமாட்டியைப் பெரிதாகப் போடச் சொல்லிவிட்டார். அம்மாவை இவ்வளவு பேர் ஒரே நேரத்தில் கேட்டதே இல்லை. கேட்டிருந்தால் அவளே சிரித்திருப்பாள். இது அவளை மிதிக்கிற வேலை என்று உனக்குத் தோன்றுகிறது. எனக்கு அவளை வைத்துக்கொள்ள வேறு வழி தெரியவில்லை.

எடுக்கவும் முடியாது. ஒரு கட்டடத்தில் மேல்மாடி எழுந்தபிறகு கீழே ஒரு தூணை உருவச் சொல்கிற மாதிரி அது.

எத்தனை தடவை வந்தாய் என்று கேட்கமாட்டேன் என்று எழுதிக் கேட்டுவிட்டாய். நானும் ஒன்று கேட்கிறேன். போன வருஷம் குளிர்காலம் முழுக்க நான் போன் செய்யும்போதெல்லாம் "நல்லாத்தான் இருக்காங்க, நீ உன் வேலையைப் பாரு" என்றாயே, அது யாருடைய வசனம்? சீமாட்டிக்கு நான் எழுதினதைவிட நன்றாக எழுதப்பட்ட வசனம் அது. நானும் நம்பினேன்.

தம்பி


மார்ச் 10

தம்பிக்கு,

அது அம்மாவின் வசனம். கட்டிலில் படுத்தபடி கையை ஆட்டி ஆட்டி எனக்குச் சொல்லிக்கொடுப்பாள். "நல்லாத்தான் இருக்காங்கன்னு சொல்லு. வேலையில இருக்கிறவனைக் கலக்காத." நான் சொன்னேன். ஆனால் ஒன்று. போனில் நான் அதைச் சொல்லி முடித்ததும், ஒரே ஒரு தடவையாவது, "அம்மாகிட்ட குடு" என்று நீ கேட்டிருக்கலாம். "ஒரு வேலை வந்துடுச்சுக்கா" என்பாய். நல்லாத்தான் இருக்காங்க என்று கேட்டதில் உனக்கும் ஒரு சௌகரியம் இருந்தது. நீ என்ன வேலையாக வராமல் இருந்தாயோ அந்த வேலைக்குள்ளேயே அவளைக் கொண்டுபோய் உட்கார வைத்திருக்கிறாய். எல்லாம் முடிந்தபிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாயே, அந்த நாளிலும் கதவைத் திறந்தபடிதான் விட்டுவிட்டு உள்ளே வந்தாய். உன்னை அவள் 'காத்து' என்று கூப்பிட்டது சும்மா இல்லை. வரும், போகும், கதவு அடித்துக்கொள்ளும்.

சரி. பாவாடையைப் பற்றிக் கேட்டாய். வேலையில் நான் பொய் சொல்லமாட்டேன். தப்பாக இருக்கிறது. அவளுக்கு நீ சாட்டின் உடுத்தியிருக்கிறாய். விளக்கு வெளிச்சம் பட்டுப் பளபளக்கிறது. அந்தக் காலத்து விதவைகள் துக்கத்துக்குக் கட்டின கறுப்பு க்ரேப் துணி வெளிச்சத்தைத் திருப்பித் தராது. குழந்தை கையில் கொடுத்த சாக்லேட் மாதிரி, வாங்கினது வாங்கினதுதான். அதற்காகவே அதைக் கட்டினார்கள். நீ செய்த துக்கம் பளபளக்கிறது. அதைத்தான் நான் முதல் கடிதத்திலிருந்து சொல்ல முயல்கிறேன் என்று வைத்துக்கொள்.

இன்னொன்றும் நடந்தது. எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் வைத்திருந்து எழுதுகிறேன்.

துணியைச் சரியாகப் பார்ப்பதற்காக நானே ஆடினேன். விழுந்து விழுந்துதான் போய்ச் சேர்ந்தேன். தேநீர் ஒரு சொட்டும் மிச்சமில்லை. சீமாட்டி திட்ட ஆரம்பித்தாள், கோப்பைகளை எடுத்து எடுத்து வீசினாள். எனக்கு மிதிக்கக் கால் வரவில்லை. தட்டு மாமாவை நகர்த்திக்கொண்டுபோய் நாற்காலிக்குக் கீழே, அவள் காலடியில் நிறுத்தினேன். அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் நான் உட்கார்ந்து தைக்கிற இடம் அது. அங்கே நின்றால் வீசுகிற கோப்பை எதுவும் படவில்லை, எல்லாம் தலைக்குமேல் போய்ச் சுவரில் உடைந்தது. அவள் பாட்டுக்குத் திட்டிக்கொண்டே இருந்தாள். வாடகைக்கு விட்ட கை, ஆடி அசைந்து வரும் துரை, குளிரில் விறைத்த பூனை, நான் மறந்தே போயிருந்ததெல்லாம் வந்தது. பட்டனிலிருந்து கையை எடுத்துவிட்டுக் கேட்டேன்.

பிறகு எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டுச் சும்மா இருந்தாள். கொஞ்ச நேரம் கழித்துக் கதவு தானாகத் திறந்தது. மிதிக்கவே இல்லை.

இதை நீயா வைத்தாய்? வைத்திருந்தால் சொல். வைத்தது நீதான் என்றால், எடுத்துவிடு என்று நான் எழுதினதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

அக்கா


மார்ச் 21

அக்காவுக்கு,

உன் கடைசி வரியைப் படித்துவிட்டு ஆபீஸ் மாடிக்குப் போய் நின்றுகொண்டிருந்தேன். 'ஆமாம், நான்தான் வைத்தேன்' என்று ஒரு வரி எழுதினால் போதும். கடிதத்தைப் பிரித்து அதைப் படிக்கிற உன் முகம்கூட எனக்குத் தெரிந்தது. எழுதியிருப்பேன். ஆனால் வேலையில் நீ எனக்குப் பொய் சொல்லவில்லை.

நான் வைக்கவில்லை. அது ஒரு பிழை.

எங்கள் தொழிலில் அதற்குப் 'பக்' என்று பெயர். நடந்தது என்னவென்றால், சீமாட்டிக்கு நான் கொடுத்த திட்டு இவ்வளவுதான். ஒவ்வொன்றாகப் பேசிக்கொண்டே போகிறாள், தீர்ந்துவிடுகிறது. தீர்ந்தபிறகு முதலிலிருந்து பேசு என்று அவளுக்குச் சொல்ல நான் மறந்துவிட்டேன். பேச ஒன்றும் இல்லாததால் அவள் கதை முடிந்துவிட்டது என்று நிரல் முடிவுகட்டிக் கதவைத் திறந்துவிடுகிறது. காலடியில் கோப்பை படாததும் என் அளவுக் கோளாறுதான். குறை தேடுவதற்கென்றே ஒரு கூட்டம் இங்கே மாதக்கணக்காக இதை ஆடியிருக்கிறது, ஒருவருக்கும் தெரியவில்லை. ஏனென்றால் ஒருவரும் நின்று கேட்கவில்லை. நானும்தான்.

இப்போது தெரிந்துவிட்டதால் சரிசெய்ய வேண்டும். திரும்பத் திரும்ப அதையே பேச வைப்பது சுலபம். அதைச் செய்ய உட்கார்ந்தபோதுதான் இன்னொன்று உறைத்தது. நான் பட்டியல் போட்டபோது ஞாபகத்திலிருந்த எல்லாவற்றையும் போட்டேன், ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை. என் அம்மா அவ்வளவுதான் அக்கா. படிப்பதற்கு நான் வீட்டைவிட்டுப் போன வயதோடு அவள் திட்டு நின்றுவிடுகிறது. அதற்குப்பிறகு அவள் என்ன சொல்லித் திட்டினாள் என்று எனக்கு ஒரு வரியும் தெரியாது.

உனக்குத் தெரியும். பக்கத்தில் இருந்தவள் நீ. நான் கேட்பதில் நியாயம் இல்லை, இருந்தாலும் கேட்கிறேன். அவள் பேசினதைக் கொஞ்சம் எழுதி அனுப்பு. அந்த மௌனத்தில் வைக்க எனக்கு ஏதாவது வேண்டும்.

தம்பி


ஏப்ரல் 2

தம்பிக்கு,

பிழை என்று நீ எழுதினதைப் படித்ததும் கருவியைப் பெட்டியில் போட்டு மூடிவிட்டேன். உண்மையைச் சொன்னதற்கு உன்னைப் பாராட்ட வேண்டும் என்று தெரிகிறது. மனசு வரவில்லை. முட்டாள் மாதிரி அந்தக் காலடியில் நின்றிருக்கிறேன்.

நீ கேட்டதற்குப் பதில். நீ போனபிறகு அம்மா திட்டவில்லை. திட்டுவதற்கு வீட்டில் ஆள் இல்லை. நான் கதவைச் சாத்துகிற ரகம்.

கடைசிக் குளிர்காலத்தில் கட்டிலை முன்னறைக்கு மாற்றச் சொன்னாள். ஏன் என்று சொல்லவில்லை. மாற்றினபிறகு தெரிந்தது, அங்கிருந்து பார்த்தால் வாசல் தெரியும். காற்று ஊசி மாதிரி உள்ளே வரும். டாக்டர் நெஞ்சில் குளிர் படக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். நான் எழுந்துபோய்க் கதவைச் சாத்துவேன். படுத்தபடியே சொல்வாள்.

"சாத்தாத."

"குளிருதும்மா."

"குளிரட்டும். அவன் வர்ற நேரம். சாத்தியிருந்தா யாருமில்லன்னு போயிடுவான்."

உன்னை அவளுக்குத் தெரியும் பார். தட்டிப் பார்க்கமாட்டாய், போய்விடுவாய் என்று தெரிந்திருந்தது. அவள் தூங்கினபிறகு மெதுவாகச் சாத்துவேன். விழித்தவுடன் முதலில் கதவைத்தான் பார்ப்பாள், பிறகு என்னை. நான் போய்த் திறப்பேன். என் கைவேலை முழுக்கப் போர்வைக்குள் உட்கார்ந்து நடந்தது.

ஆயுசு முழுக்கக் கதவைச் சாத்து என்று கத்தினவள் கடைசியில் பேசினது இதுதான். உன் மௌனத்தில் வைக்க வேண்டுமென்றால் எடுத்துக்கொள். சிரிப்பு வருகிறதா பார்.

இத்துடன் ஒரு துண்டு க்ரேப் வைத்திருக்கிறேன். விளக்கில் பார்க்காதே, ஜன்னலருகே பகலில் வைத்துப் பார். இனி அவளை எடு என்று கேட்கமாட்டேன்.

அக்கா


ஏப்ரல் 23

அக்காவுக்கு,

உன் துணியை மூன்று நாள் ஜன்னலில் ஒட்டிவைத்துப் பார்த்தேன். வெயில் நேராகப் பட்டும் ஒன்றும் திரும்பவில்லை. சீமாட்டிக்கு அதையே உடுத்திவிட்டேன். முதலாளிக்குப் பிடிக்கவில்லை, "படத்துல எடுப்பாவே இல்லயே" என்றார். இல்லைதான் என்றேன்.

மிதிப்பது அப்படியேதான் இருக்கிறது. அதை மாற்ற என்னால் முடியவில்லை. வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் மிதித்துவிட்டுச் சிரித்துக்கொண்டு போய்விடுவார்கள். ஆனால் காலடியில் நின்றால் கோப்பை படாத அந்த இடத்தை நான் சரிசெய்யவில்லை. திட்டு தீர்ந்தபிறகு அவள் சும்மா இருக்கிறாள். பிறகு கதவு திறக்கிறது. தட்டு மாமா வாசலைத் தாண்டிப்போய்ப் பழக்கதோஷத்தில் கதவை இழுக்கும்போது பின்னாலிருந்து அந்த வரி வருகிறது. "சாத்தாத. அவன் வர்ற நேரம்."

பேச வந்த நடிகை வேடிக்கைக் குரலுக்குப் பேர்போனவர். "இதை எப்படி சார் பேசணும்? கோவமாவா, கெஞ்சியா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. நான் கேட்டதில்லையே. அதையே அவரிடம் சொன்னேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தண்ணீர் கேட்கிற மாதிரிச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

குறை தேடுகிறவர்களில் ஒருவன் இந்தத் தடவை கடைசிவரை நின்று கேட்டிருக்கிறான். நேற்று எனக்கு ஒரு குறிப்பு வந்தது. 'இந்தப் பாத்திரம் ஆட்டம் முழுக்கக் கதவைச் சாத்தச் சொல்கிறது. கடைசியில் சாத்தாதே என்கிறது. முன்னுக்குப் பின் முரண். சரிசெய்யவும்.' இப்படி வருகிற ஒவ்வொரு குறிப்புக்கும் நாங்கள் மூன்று பதில்களில் ஒன்றைக் குறித்து மூட வேண்டும். சரிசெய்தாயிற்று, இது பிழையல்ல, சரிசெய்ய இயலாது. முதலாவது பொய். இரண்டாவதைக் குறிக்கப் போனேன், கை வரவில்லை. மூன்றாவதைக் குறித்து மூடிவிட்டேன்.

அடுத்த வாரத்தோடு இந்த வேலை முடிகிறது. வீட்டுக்கு வரலாமா என்று கேட்கத்தான் இவ்வளவும் எழுதினேன்.

தம்பி


ஏப்ரல் 30

தம்பிக்கு,

கதவு இப்போது சாத்தித்தான் இருக்கிறது. அம்மாவை எடுத்துக்கொண்டு போன அன்று சாத்தினேன். கட்டிலையும் உள்ளே தள்ளிவிட்டேன், முன்னறையில் இப்போது மிஷின் போட்டிருக்கிறேன்.

வந்தால் தட்டு. மிஷின் ஓடும்போது எனக்குச் சத்தம் கேட்காது. கேட்கும்வரை நின்று தட்டு.

அக்கா